கல்லார், ஒரு புள்ளி, ஏழு

திருவனந்தபுரம்
3 ஏப்ரல் 2023

மதிப்பிற்குரிய பூதலிங்கம் சார்,

நமது தொல்தாவரச் சேகரிப்பு நிலையத்தின் வரலாற்றில் என்றும் நினைக்கப்படவேண்டிய தீர்மானம் ஒன்று சென்ற வாரம் நிறைவேறியது. கற்கள் வைத்திருக்கும் பின்கட்டு அறைக்கு இதுநாள்வரை முறையான பெயர் இல்லாமல் இருந்தது. சிலர் ஸ்டோர் என்றனர். சிலர் பின்னறை என்றனர். கடைநிலை ஊழியர்கள் தங்களுக்குள் அபசகுனமான பெயர் ஒன்றைச் சொல்லி வந்ததாகவும் நிர்வாகக் குழுவின் கவனத்துக்கு வந்தது. அது என்ன பெயர் என்று விசாரித்துக் குறிப்பேட்டில் ஏற்றுவது நிலையத்தின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று உறுப்பினர்கள் கருதினர். இரண்டு நாள் அமர்வு, ஒரு துணைக்குழு, ஒரு மதிய விருந்து ஆகியவற்றுக்குப் பின், அந்த அறை இனி 'பாறைத்தாவரப் பாதுகாப்பகம்' என்று அழைக்கப்படும் என முடிவானது. பேச்சிலும் எழுத்திலும் வேறு பெயர் கூடாது. ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

மேலே இருப்பது ஆபீஸ் ஹரிநாராயணன் எழுதித் தந்தது. இனி நானே எழுதுகிறேன். என் தமிழை மன்னிக்கணும். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்து, கோட்டைக்குள்ளே எங்காத்தில் அம்மா ஆரியசாலைக் கடைக்கு எழுதும் மளிகைச் சீட்டைப் பார்த்துப் பிடித்தது.

அறைக்கு வெள்ளையடிக்க எல்லாக் கல்லையும் பெட்டியில் இறக்கினோம். பழைய மரத்தட்டுகளை விற்றுவிட்டார்கள். அப்போது ஒரு கல் கிடைத்தது. உள்ளங்கை அளவு. வெளிர் களிக்கல். அதில் பதிந்த ஒரு பழங்கால இலை. சிற்றிலைகள் அடிப்பக்கம் முழுக்கத் தண்டோடு ஒட்டியிருக்கின்றன. நடு நரம்பு முனைவரை போகிறது. பக்க நரம்பு கவட்டை போல் இரண்டாகப் பிரிகிறது. பெரணிதான், சந்தேகமில்லை. இலையின் முதுகில் வித்துப் பொட்டு தெரிந்தால் எந்தக் குடும்பம் என்றும் சொல்லலாம். முதுகு கல்லுக்குள்ளே இருக்கிறது. அதனால் பொட்டு தெரியாத இலைக்குக் கொடுக்கும் பொதுப் பெயரைக் கொடுத்தேன்: கிளாடோஃப்ளெபிஸ்.

கல்லோடு உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு. ஆங்கில எழுத்தில் 'கல்லார்', அப்புறம் 7. நடுவில் ஒரு புள்ளி, பேனா பட்டதாக இருக்கும். பொன்முடிக்குக் கீழே இருக்கும் கல்லாறுதானே? அங்கே இதுவரை யாருக்கும் ஒரு இலைகூடக் கிடைத்ததில்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், வருஷக் கடைசியில் நம் சேகரத்தை வடக்கே ஒரு பெரிய நிலையத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள். இங்கே மட்டும் கிடைக்கும் ஒன்றைக் காட்டினால் நிறுத்திவைப்பார்கள். இல்லாவிட்டால் ஆறு பேருக்கு வேலை போகும். ஹரிகுமாருக்கு முதலில். களப்பணியாளர் என்று பெயர், பதினேழு வருஷமாகத் தினக்கூலி.

அந்தக் கல் கல்லாற்றிலிருந்து வந்ததா? ஒரு வரி எழுதினால் போதும்.

ஜெயலக்ஷ்மி

*

ஜபல்பூர்
15 ஏப்ரல் 2023

மேடம் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று நாள் ஆலோசித்து, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். முடிவைத் தெரிவிக்காமல் இருப்பது மரியாதையல்ல என்பதால் இந்தக் கடிதம்.

காரணம் நீங்கள் எழுதியதுதான். நான் ஓய்வு பெற்ற மாதம் நீங்கள் சமர்ப்பித்த இருப்புச் சரிபார்ப்பு அறிக்கை, பக்கம் 14: 'சீட்டுகள் துறையறிவு இல்லாத ஒருவரால் எழுதப்பட்டவை. நம்பத்தக்கவை அல்ல.' அந்த ஒருவர் முப்பத்தொரு வருஷம் அங்கே கல் காத்தவர். பொன்னாடையும் அறிக்கையின் நகலும் அவருக்கு ஒரே நாளில் கிடைத்தன. பொன்னாடையை மகள் தையல் மெஷின்மேல் போர்த்தியிருக்கிறாள். அறிக்கை என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

நம்பத்தகாத சீட்டை நம்பி ஒரு பெரணிக்கு ஊர் தேடுவது உங்கள் படிப்புக்கு அழகல்ல. பேனா பட்ட புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருஷத்தில் என் பேனா எங்கெங்கே பட்டது என்பதையும் ஒரு துணைக்குழு ஆராயலாம்.

போன் செய்ய முயல வேண்டாம். இடது காது முதலில் போனது, வலது காது அதைத் தேடிப் போய்விட்டது. மருமகன் போனில் எழுத்தாக அனுப்பலாம் என்பார்கள். அதில் வருவதை முதலில் மருமகன், பிறகு அவர் தம்பி, பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வாசித்து முடித்து, சாராம்சத்தை எனக்குக் கைச் சைகையில் தெரிவிப்பார்கள். தபால்தான் சரி.

ஹரிகுமாரிடம், இங்கே டீயில் இஞ்சியைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சொல்லவும். அவன் வாங்கித் தரும் டீயில் எதுவுமே இருக்காது. இதற்கு அது மேல்.

சு. பூதலிங்கம்

*

திருவனந்தபுரம்
26 ஏப்ரல் 2023

மதிப்பிற்குரிய பூதலிங்கம் சார்,

அந்த வாக்கியம் நான் எழுதியதுதான். வேலையில் சேர்ந்து அப்போது நாலு மாசம். முந்நூறு சீட்டில் எழுபதுக்கு ஊர்ப்பெயர் இல்லை. தப்பாக எழுதவில்லை, கடுமையாக எழுதிவிட்டேன். மன்னிக்கணும்.

எனக்கே சந்தேகம் இருக்கிறது. கல்லாற்றில் உள்ளது பூமிக்கு அடியில் வெந்து மாறிய பாறை. பெரணி என்று ஒரு செடி உலகத்தில் வருவதற்கு முன்பே வெந்தது. அதற்குள்ளே இலை இருக்க முடியாது. ஆனால் ஆற்றோரத்தில் எங்காவது பழைய குளத்துக் களி ஒரு திட்டு மிச்சம் இருக்கலாம் அல்லவா? இருக்க வழியில்லை என்று என் படிப்பு சொல்கிறது. உங்கள் சீட்டு இருக்கிறது என்று சொல்கிறது.

ஹரிகுமாரிடம் சீட்டைக் காட்டினேன். அவர் லென்ஸை வாங்கிக் கல்லைப் பார்க்கவில்லை, புள்ளியைப் பார்த்தார். "அண்ணாச்சி ஒரு புள்ளிகூட வெறுதே வைக்காது, மேடம். ஒண்ணுகூடிக் கேளுங்கோ" என்றார். அதனால்தான் இன்னொரு தடவை கேட்கிறேன்.

கல்லாற்றுக்குப் போவதென்றால் எந்தப் பருவத்தில் போகலாம் என்பதையும் எழுதணும். கோடையில் புல் மூடியிருக்கும் என்கிறார்கள்.

ஹரிகுமார் டீ விஷயம் கேட்டுச் சிரித்தார். "அண்ணாச்சிக்கு இந்த டீ மிஸ்ஸாவுதுன்னு எழுத வெட்கம்" என்று சொல்லச் சொன்னார்.

ஜெயலக்ஷ்மி

*

ஜபல்பூர்
9 மே 2023

மேடம் அவர்களுக்கு வணக்கம்.

மன்னிப்பு கிடைத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். 'தப்பாக எழுதவில்லை' என்ற சொற்கள் நடு நரம்பு போல முனைவரை ஓடுகின்றன. முதுகு கல்லுக்குள் இருப்பதால் எந்தக் குடும்பத்து மன்னிப்பு என்று வகைப்படுத்த இயலவில்லை. பொதுப் பெயர் ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

கல்லாறு என்று நீங்களே வாசித்துவிட்ட பிறகு சொல்ல நான் யார்? தாராளமாகப் போங்கள். பெரணி பிறப்பதற்கு முன்பே வெந்த பாறையில் பெரணி கிடைப்பது நம் நிலையத்தின் பெரும் பாக்கியம். எந்தப் பருவம் என்று கேட்டிருந்தீர்கள். மழைக்காலமே உகந்தது. ஆறு கல்லையெல்லாம் கழுவித் தரும். நடு ஆற்றுப் பாறைகளை விட்டுவிடாதீர்கள். நல்ல இலைகள் அங்கேதான் ஒதுங்கும். பாறையில் ஏறி நின்று கூப்பிட்டால் பெரணியே பேர் சொல்லும், உங்களுக்கு லென்ஸ் செலவும் மிச்சம்.

வேறென்ன? அறைக்குப் பெயர் வைத்த துணைக்குழுவினரை விசாரித்ததாகச் சொல்லவும்.

சு. பூதலிங்கம்

*

திருவனந்தபுரம்
22 மே 2023

அன்புள்ள பூதலிங்கம் சார்,

உங்கள் கடிதம் பார்த்து எனக்கு உண்டான சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. கோபத்தை விட்டுவிட்டு இத்தனை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். 'மழைக்காலமே உகந்தது, ஆறு கல்லையெல்லாம் கழுவித் தரும், நடு ஆற்றுப் பாறைகளை விட்டுவிடாதீர்கள்' என்ற பகுதியை ஹரிநாராயணன் ஆங்கிலத்தில் ஆக்கிக் குழுவில் வைத்தார். அனுபவஸ்தரின் ஆலோசனை என்று பதிவாகியிருக்கிறது. பெரணி பேர் சொல்லும் என்றது தமாஷ் என்று எனக்கும் புரிந்தது. அதை மட்டும் விட்டுவிட்டோம்.

ஜூன் 20 முதல் 24 வரை பயணம். அந்த வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், நான் இங்கே இருக்கணும். ஹரிகுமார் தனியே போகிறார். "அண்ணாச்சி எழுதிட்டா பின்னே எந்து பேடி" என்கிறார், பயமே இல்லையாம். பயணத்துக்கு முன்னால் எப்போதும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார் அல்லவா? இந்தத் தடவை இரண்டு உடைப்பாராம். ஒன்று உங்கள் பேரில்.

ஜெயலக்ஷ்மி

*

ஜபல்பூர்
8 ஜூன் 2023

ஜெயலக்ஷ்மி அம்மாளுக்கு,

உங்கள் கடிதம் மே 30 அன்று வந்தது. நான் எழுதிய கிண்டலை ஆங்கிலத்தில் ஆக்கிக் குழுவில் வைத்த செய்தியை ஒன்பது நாள் ஒருவரிடமும் சொல்லாமல் தனியாக அனுபவித்தேன். இனி அனுபவிப்பது நியாயமல்ல.

அம்மாள், கல் வைக்கும் அறைக்குத் தமிழில் என்ன பெயர்? கல், அறை. கல்லறை. நானும் பெருக்கும் பிச்சம்மாளும் தொண்ணூற்றிரண்டு முதல் அப்படித்தான் சொல்லி வந்தோம். "அண்ணாச்சி கல்லறைக்குள்ள கெடக்காரு, சாயங்காலம் எந்திரிச்சு வருவாரு" என்று அவள் வாசலில் வருகிறவர்களிடம் சொல்வாள். உங்கள் குழு காது பொத்திக்கொண்ட அபசகுனப் பெயர் இதுதான். ஹரிகுமாருக்குப் பேய் பயம் என்பதால் அவன் காதில் மட்டும் போடவில்லை.

தொண்ணூற்று நாலில் கூரை ஒழுகிப் பழைய சீட்டுகள் ஊறிப்போயின. ஊர் தெரிந்த கற்களுக்கு ஊர் எழுதினேன். தெரியாதவற்றுக்கு, தட்டில் எந்த இடம் என்றாவது எழுதி வைத்தேன்; முதல் சீட்டில் மட்டும் அறைப் பெயரும் சேர்ந்தது, பிறகு எண்ணோடு நிறுத்திவிட்டேன். ஆபீசில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். சீட்டோ பஸ் டிக்கெட் அளவு. கல்லறைக்கு எட்டெழுத்து. ஆறெழுத்தோடு நிறுத்தி, மிச்சத்துக்கு ஒரு புள்ளி வைத்தேன். கல்லார், புள்ளி, ஏழு. கல்லறை, ஏழாம் தட்டு. அவ்வளவுதான்.

இலையின் முதுகில் பொட்டு இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுகிறவர், சீட்டின் முகத்தில் இருந்த பொட்டைப் பேனா பட்டது என்று தள்ளிவிட்டீர்கள். பிச்சம்மாளிடம் கேட்டிருந்தால் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொல்லியிருப்பாள். பெருக்குகிறவளிடம் யார் கேட்பார்கள்?

கல் எங்கிருந்து வந்தது என்பதும் பிற்பாடு தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு களிமண் பள்ளம். எழுபத்தெட்டில் ஓர் அதிகாரி எடுத்து வந்தது. அங்கே இந்த இலை சாதாரணம். சீட்டை மாற்றி எழுதச் சோம்பல்.

சு. பூதலிங்கம்

17 ஜூன். இதை எழுதி ஒட்டிய பிறகு, நீங்களே இன்னொரு தடவை கேட்டு எழுதுவீர்கள் என்று வைத்திருந்தேன். எழுதவில்லை. ஹரிகுமாருக்கு அட்டைக் கடியாவது மிச்சமாகட்டும் என்று இன்று தபாலில் சேர்க்கிறேன்.

*

திருவனந்தபுரம்
28 ஜூன் 2023

பூதலிங்கம் சார்,

உங்கள் கடிதம் 24ஆம் தேதி வந்தது. ஹரிகுமார் 22ஆம் தேதி மத்தியானம் இறந்துபோனார்.

கல்லாற்றில் மழை இல்லை. வெயில் அடித்ததாம். மேலே பொன்முடியில் பெய்திருக்கிறது. கரையில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் கூப்பிட்டிருக்கிறார். "மலவெள்ளம் வரும், கேறி வா" என்று இரண்டு தடவை, மலையிலிருந்து வெள்ளம் வருகிறது, கரையேறு என்று. ஹரிகுமார் நடு ஆற்றுப் பாறையில் குனிந்து நின்றார். ஒரு விரலைக் காட்டினாராம், இன்னும் ஒரே ஒரு கல் என்கிற மாதிரி. அப்புறம் பாறை தெரியவில்லை என்று கடைக்காரர் போலீசில் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து மூன்று கிலோமீட்டர் கீழே கிடைத்தார். நான் போய் அடையாளம் சொன்னேன். என் வேலை அதுதானே.

பை கரையில் ஒரு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து கல். ஒன்றில் கறுப்பாக இலை மாதிரி, கிளை கிளையாக. அதை மட்டும் துண்டில் சுற்றி வைத்திருந்தார். பார்த்த உடனே தெரிந்தது. பெரணி அல்ல. பாறை விரிசலில் மாங்கனீசுத் தண்ணீர் ஊறிப் படிந்த கறை. நரம்பு இல்லை, தண்டு இல்லை. முதல் வருஷப் பிள்ளைகள் செய்யும் பிழை. பிள்ளைகள் செய்தால் திருத்துகிறவர் அவர். அன்றைக்கு வேண்டியிருந்ததால் அப்படித் தெரிந்திருக்கும். சீட்டும் எழுதியிருக்கிறார். கல்லார், 1. புள்ளி வைக்கவில்லை.

நீங்கள் கிண்டல் செய்தீர்கள் என்று இப்போது எல்லாரும் எனக்கு விளக்குகிறார்கள். ஹரிநாராயணன்கூட. எனக்குத் தெரிந்தது மளிகைச் சீட்டுத் தமிழ், சார். அதில் ஒரு கிலோ என்று எழுதியிருந்தால் ஒரு கிலோதான்.

ஜெயலக்ஷ்மி

*

ஜபல்பூர்
6 ஜூலை 2023

அம்மா,

கடிதத்தை மகள் ராஜஸ்ரீதான் வாங்கிப் பிரித்தாள். வாசித்துவிட்டு என்னிடம் தராமல் உள்ளே போய்விட்டாள். சைகையில் கேட்டேன். சாயங்காலம் கடிதம் மேசைமேல் இருந்தது.

எட்டாம் தேதி அன்றே போட்டிருந்தால் பதினைந்துக்கு வந்திருக்கும். தபால்பெட்டி வாசலிலிருந்து நாற்பது அடி. தினமும் அதைத் தாண்டித்தான் பால் வாங்கப் போனேன்.

எது வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கல்லார் என்றால் கல்லறை என்று, சீட்டு என் தப்பு என்று, கடிதம் என் தப்பு என்று. யாருக்கு எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அவன் பெண்சாதி பொன்னம்மைக்கு எழுத இரண்டு தாள் எடுத்தேன். இரண்டும் வெறுமையாக இருக்கின்றன.

பூதலிங்கம்

*

திருவனந்தபுரம்
19 ஆகஸ்டு 2023

பூதலிங்கம் சார்,

ஒன்றும் எழுத வேண்டாம். யாருக்கும்.

விசாரணை முடிந்தது. தினக்கூலிக்காரர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தரலாம் என்று விதி இருக்கிறது. கல்லாறு சரியான இடமாக இருந்தால்தான் அவர் போனது அலுவல் பயணம். சீட்டைத் தப்பாக வாசித்துப் போனது என்றால் அது பயணமே இல்லையாம், ஒரு ஆள் சும்மா ஆற்றில் இறங்கினார் என்றாகுமாம். தலைவர் இதை எனக்கு மிகவும் மரியாதையாகச் சொன்னார். உங்கள் மே மாசக் கடிதம் கோப்பில் இணைப்பு மூன்று. ஜூன் மாசக் கடிதம் கோப்பில் இல்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நான் கையெழுத்துப் போட்டேன். கிளாடோஃப்ளெபிஸ், கல்லாறு, திருவனந்தபுரம் மாவட்டம். ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் படத்தோடு வந்தது. சேகரத்தை வடக்கே அனுப்பும் யோசனை கைவிடப்பட்டது.

அறைக்கு மறுபடி பெயர் மாற்றியிருக்கிறார்கள். 'ஹரிகுமார் நினைவு அறை.' இதற்கு ஒரே அமர்வுதான் ஆனது. புதுப் பலகையைப் பார்த்துப் பிச்சம்மாள், "பழைய பேரே இதுக்குச் சரியாத்தானே இருந்திச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பெருக்கவில்லை.

ஜெயலக்ஷ்மி

*

ஜபல்பூர்
2 செப்டம்பர் 2023

அம்மா,

சரி.

பூதலிங்கம்

*

திருவனந்தபுரம்
6 மே 2024

பூதலிங்கம் சார்,

எட்டு மாசமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதே நல்லது என்று இருந்தேன்.

பொன்னம்மை நவம்பரில் சேர்ந்தார். அந்த அறையில்தான் போட்டிருக்கிறார்கள். கல்லைத் துடைப்பது, சாவி வைத்திருப்பது. முதல் வாரம் ஒவ்வொரு கல்லாகக் காட்டி, "இது அவர் கொண்டுவந்ததா?" என்று கேட்பார். இப்போது கேட்பதில்லை. அவருக்கே தெரிகிறது. மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். ஒரு வருஷம் ஆனால் வேலை நிரந்தரம்.

சென்ற வாரம் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கடிதம். மூன்று ஆராய்ச்சி மாணவர்கள். கல்லாற்றில் பெரணி தேடப் போகிறார்கள். ஜூன் 15 முதல் 20 வரை. ஜனவரியில் போங்கள் என்று எழுதினேன். 'உங்கள் ஆண்டறிக்கையிலேயே மழைக்காலம் உகந்தது, நடு ஆற்றுப் பாறைகள் முக்கியம் என்று இருக்கிறதே' என்று பதில் வந்தது. உங்கள் வரிகளை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். போன் செய்து ஒருவர் இறந்துபோனார் என்று சொன்னேன். "தெரியும் மேடம், அவர் ஞாபகமாகத்தான் போகிறோம்" என்றாள் அதில் ஒரு பெண். நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள்.

அங்கே இலை இல்லை என்று சொன்னால்தான் நிற்பார்கள். அதைச் சொன்னால் பொன்னம்மைக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கல்லறை என்ற சொல்லுக்குச் சாட்சி நீங்களும் பிச்சம்மாளும். அவளுக்குக் கையெழுத்து வராது.

இரண்டில் எது என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பதல்ல காரணம். போன தடவை நான் ஒருத்தியாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெயலக்ஷ்மி

*

ஜபல்பூர்
14 மே 2024

அம்மா,

உங்கள் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. இப்போது ஒன்றரை. மூன்று மணிக்கு விரைவுத் தபால் எடுப்பார்கள்.

நோட்டரி முன் கையெழுத்திட்ட வாக்குமூலம் இதனுடன் இருக்கிறது. சீட்டில் இருப்பது ஊர்ப்பெயர் அல்ல. கல்லறை, ஏழாம் தட்டு. கல் வந்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து. கல்லாற்றில் பெரணிப் படிவம் இல்லை. 2023 மே 9 அன்று நான் எழுதியது ஆலோசனை அல்ல, கிண்டல். ஜூன் 8 அன்று எழுதிய உண்மையை ஒன்பது நாள் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். ஒரு பிரதி குழுவுக்கு, ஒரு பிரதி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, ஒரு பிரதி உங்களுக்கு. ஜூன் மாதக் கடிதம் நீங்கள் மறைத்தது என்று எங்கும் எழுதவில்லை. கேட்டால் அது வழியில் தொலைந்தது என்று நினைத்திருந்தேன் என்பேன். அந்த ஒன்று மட்டும் பொய்.

பொன்னம்மையிடம் இதை நீங்களே சொல்லுங்கள், குழு சொல்வதற்கு முன்னால். எழுதியவன் நான் என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தில் கிண்டல் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் மளிகைச் சீட்டு போலவே வாசிக்கவும்.

பூதலிங்கம்

*

திருவனந்தபுரம்
10 ஜூன் 2024

பூதலிங்கம் சார்,

உங்கள் வாக்குமூலம் மே 20 அன்று கிடைத்தது. அன்றைக்கே பொன்னம்மையிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒன்பது நாள் என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

27 அன்று குழு கூடியது. ஜூன் மாசக் கடிதம் என் இழுப்பறையில்தான் இருந்தது என்று நானே சொல்லி அதை எடுத்து வைத்தேன். என்மேல் விசாரணை ஜூலையில். மாணவர்கள் மூன்று பேரும் பயணத்தை ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பெண் நன்றி சொல்லி எழுதியிருந்தாள். ஏழாம் தட்டுக் கல்லின் சீட்டை மாற்றினேன்: கிளாடோஃப்ளெபிஸ், ஸ்ரீபெரும்புதூர் அருகே. ஹரிகுமார் போனது அலுவல் பயணம் அல்ல என்று கோப்பு திருத்தப்பட்டது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். அறைக்குப் பெயர் வைப்பது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பொன்னம்மை வெள்ளிக்கிழமை வரை வந்தார். சாயங்காலம் ஏழு தட்டையும் துடைத்துவிட்டு, சாவியைப் பிச்சம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜெயலக்ஷ்மி